தேர்வு அடிகோளின் வலுக்குறைந்த வடிவங்கள்

கேள்வி: எண்ணத்தக்க தேர்வு, சார்ந்த தேர்வு, பூலியன் பிரைம் ஐடியல் தேற்றம் ஆகிய மூன்றும் தேர்வு அடிகோளைவிட வலுக்குறைந்தவை என்று படித்தேன். இவற்றை வலுவின்படி ஒரே வரிசையில் நிறுத்த முடியுமா?
– முதுகலைக் கணித மாணவி, ஆம்பூர்

பதில்: முடியாது, முதல் இரண்டு மட்டுமே ஒரு வரிசையில் நிற்கும். வெறுமையல்லாத கணங்கள் எத்தனை இருந்தாலும், ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுக்க முடியும் என்பதே தேர்வு அடிகோள். முடிவின்றிக் காலணி இணைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் இடக்கால் காலணியை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே அடிகோள் எதுவும் வேண்டியதில்லை, இடம் வலம் தெரியாத காலுறைகளுக்குத்தான் அது வேண்டும் என்ற ரஸ்ஸலின் உதாரணத்தை ஆம்பூர்வாசிக்கு விளக்க வேண்டியதில்லை.

எண்ணத்தக்க தேர்வில், 1, 2, 3 என முன்கூட்டியே வரிசையிட்ட கணங்கள் நம்மிடம் இருக்கின்றன; ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பு கிடைக்கிறது. 1942இல் பெர்னைஸ் முன்வைத்த சார்ந்த தேர்விலோ, அடுத்து எவற்றிலிருந்து எடுக்கலாம் என்பதையே முந்தைய தேர்வு தீர்மானிக்கிறது. தொடக்கக் கணங்கள் சிலவற்றிலிருந்து எடுத்த முடிவுள்ள பட்டியல் ஒவ்வொன்றையும், அதை ஓர் உறுப்பால் நீட்டிய பட்டியலோடு தொடர்புபடுத்தினால், சார்ந்த தேர்விலிருந்து எண்ணத்தக்க தேர்வு கிடைத்துவிடும். எதிர்த்திசையில் அது செல்லாது என்பதை 1966இல் ஜென்சன் நிறுவினார்.

மூன்றாவதன் போக்கே வேறு. அற்பமல்லாத ஒவ்வொரு பூலியன் இயற்கணிதத்திலும் (கணங்களின் ஒன்றிப்பு, வெட்டு, நிரப்பி போன்ற செயல்கள் கொண்ட அமைப்பு) பிரைம் ஐடியல் எனும் சிறப்பு உட்கணம் ஒன்று உண்டு என்பதே அது. எந்தக் கணத்தையும் நேர்வரிசைப்படுத்தலாம் என்பது பிரைம் ஐடியல் தேற்றத்திலிருந்து பெறப்படுவதால், முடிவுள்ள கணங்கள் எண்ணவொண்ணாத அளவில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் மிகச் சிறிய உறுப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே காலுறைச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் கோஹனின் முதல் மாதிரியில் (கணக்கோட்பாட்டின் மற்ற அடிகோள்கள் மெய்யாக, தேர்வு அடிகோள் மட்டும் பொய்க்கும் ஒரு கட்டமைப்பு) இத்தேற்றம் மெய்யாக இருப்பதை 1971இல் ஹால்பெர்னும் லெவியும் காட்டினர். எண்ணத்தக்க முடிவிலி உட்கணம் ஒன்றுகூட இல்லாத, முடிவிலாத மெய்யெண் கணம் அதே மாதிரியில் இருப்பதால், எண்ணத்தக்க தேர்வு அங்கே பொய்க்கிறது. சோலோவேயின் 1970ஆம் ஆண்டு மாதிரியில் நிலைமை தலைகீழ்: சார்ந்த தேர்வு உண்டு, மெய்யெண் கணங்கள் அனைத்தும் லெபேக் அளவைக்கு (நீளம் என்ற கருத்தின் பொதுமைப்படுத்தல்) உட்பட்டவை, பிரைம் ஐடியல் தேற்றம் தரும் அற்பமல்லாத அல்ட்ராஃபில்டர் (இயல் எண் கணங்களைப் பெரிது, சிறிது எனப் பிரிக்கும் அமைப்பு) ஒன்று இயல் எண்கள் மீது இருந்தால் அளக்கவியலாத கணம் பிறந்துவிடும் என்பதால், பிரைம் ஐடியல் தேற்றம் அங்கே நிற்காது. (சோலோவே அடைதற்கரிய கார்டினல் ஒன்றைத் (வழக்கமான அடிகோள்களால் நிறுவ முடியாத மிகப் பெரிய முடிவிலி) துணைகொண்டார், அளவைக்குப் பதில் பேயர் பண்பின் (ஏறத்தாழத் திறந்த கணமாக இருத்தல்) வழியே சென்றால் அதுவும் தேவையில்லை என்பது ஷெலாவின் 1984ஆம் ஆண்டு முடிவிலிருந்து பெறப்படும்.)

உங்கள் பாடத்திட்டத்தில், முழுமை மெட்ரிக் வெளிகளுக்கான பேயர் தேற்றம் சார்ந்த தேர்வுக்கும், ஹவுஸ்டார்ஃப் இறுக்க வெளிகளுக்கான டிக்கனாஃப் தேற்றம் பிரைம் ஐடியல் தேற்றத்துக்கும் சமானமானவை. பாடநூல்கள் பல இதைச் சொல்லாமல் கடப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. இவ்விரண்டு கொள்கைகளையும் சேர்த்துக்கொண்டாலும் முழுத் தேர்வு அடிகோள் கிடைக்காது என்பதைப் பின்கஸ் நிறுவியிருக்கிறார்.