திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

வழக்கறிஞர் தொழிலைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் உரிமையியல் வழக்குகளை நடத்தும் இளம் வழக்கறிஞன். சீனியரிடமிருந்து பிரிந்து தனி அலுவலகம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் கேள்வி இதுதான்: வழக்கறிஞர்களுக்கான தொழில்பொறுப்புக் காப்பீடு, அதாவது நம் தவறால் கட்சிக்காரர் இழப்பீடு கேட்டால் அதை ஈடுகட்டும் காப்பீடு, அவசியமா? வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குள் வராது என்று 2024இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்ட பிறகு அந்தப் பிரீமியம் வீண்செலவு என்கிறார்கள் நண்பர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு மனுக்கள் தயாரிப்பதில் உள்ள ஆபத்து பற்றியும் சொல்லுங்கள்.

என்னளவில் நான் கவனமாகவே இருக்கிறேன். வக்காலத்து போட்ட வழக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டு, வாய்தாக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு எல்லாம் உண்டு. வெறுமனே கேட்டுவிட்டுப் போகிறவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. சென்ற மாதம்கூட ஓர் அம்மாள் பழைய கிரைய ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது நிற்காதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்படி வாரத்திற்கு நாலைந்து பேர். ஆபத்து என்பது கட்டு போட்டுவைத்திருக்கும் வழக்குகளில்தான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத் தீர்ப்பை உங்கள் நண்பர்கள் பாதிதான் படித்திருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்பட்டது உண்மை. ஆனால் வழக்கறிஞர்மீது வழக்கே தொடுக்க முடியாது என்று அத்தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவும் அப்படியே இருக்கிறது. அதன்கீழ் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு உங்களைக் கண்டிக்கலாம், தொழில் செய்யவிடாமல் இடைநிறுத்தலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களுக்குத் தலைமுறைகளாக இருந்துவந்த, கவனக்குறைவுக்காக அவர்கள்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்ற விலக்குரிமையை, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2000ஆம் ஆண்டு ஆர்தர் ஹால் வழக்கில் எடுத்துவிட்டது. அதனால் அங்கே யாரும் அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடவில்லை. தன்மீது யாரும் வழக்குப் போட முடியாது என்று ஒரு வழக்கறிஞர் மகிழ்வது எனக்கு எப்போதுமே விசித்திரமாகத் தோன்றும். பிறர்மீது வழக்குப் போடுவதுதானே அவருடைய தொழில்?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2023இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியான்கா விமான நிறுவனத்திற்கு எதிரான வழக்கொன்றில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்புகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லி, நீதிமன்றமும் கேட்ட பிறகும் அவர்கள் அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே அவர்கள்மீது விழுந்த பெரிய குற்றச்சாட்டு. எந்திரம் தந்ததைச் சரிபாராமல் கையெழுத்திடுகிறவர், ஜூனியர் தந்ததையும் சரிபாராமல்தான் கையெழுத்திட்டிருப்பார். இதை இத்துடன் விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்திற்குப் பொதுவில் பதில் எழுதுவதற்குக் காரணம் நீங்கள் கேட்ட இந்த இரண்டு கேள்விகளும் அல்ல. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த அம்மாள்தான் காரணம். சில காலமாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தின் நடுவில் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த கிரைய ஒப்பந்தத்தின் தேதி என்ன? கிரையத்தை முடிக்க அதில் கெடு குறிக்கப்பட்டிருந்ததா? இல்லையென்றால், விற்பவர் எழுதித்தர மறுக்கிறார் என்பது அவருக்கு எப்போது தெரியவந்தது? கேட்டீர்களா? 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 54ஆம் உறுப்பு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கிற்கு மூன்று ஆண்டுகள். குறித்த நாள் இருந்தால் அந்த நாளிலிருந்து, இல்லையென்றால் மறுப்பு தெரியவந்த நாளிலிருந்து. பத்து நிமிடத்தில் இவையெல்லாம் கேட்கப்பட்டிருக்கும் என்று நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் கேட்டிருந்தால் அதை எனக்கு எழுதியிருப்பீர்கள். "பழைய" என்பதற்கு மேல் உங்கள் நினைவில் ஒன்றும் தங்கவில்லை. ஒருவேளை அவருக்கு இன்னும் நான்கு மாதங்கள் மிச்சமிருக்கலாம். "நிற்காதும்மா" என்று ஒரு வழக்கறிஞர் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கையில் அந்த நான்கு மாதங்களையும் அவர் வீட்டில் உட்கார்ந்தே கழித்துவிடலாம்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்த டாக்ஸ்டாட் வழக்கை எந்தச் சட்டக் கல்லூரியிலாவது உங்களுக்குப் பாடமாகச் சொல்லியிருக்க வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் ஏற்பட்ட வீக்கத்திற்காக 1971இல் மருத்துவமனையில் சேர்ந்த ஒருவர், சிகிச்சையின்போது உடலின் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சையும் இழந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவருடைய மனைவி ஒரு வழக்கறிஞரைச் சந்தித்து, முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ நடந்ததையெல்லாம் சொன்னார். வழக்கு இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றார் வழக்கறிஞர். அலுவலகப் பங்குதாரரிடமும் கலந்து பேசுவதாகச் சொன்னார். கட்டணம் வாங்கவில்லை. ஒப்பந்தம் எதிலும் கையெழுத்தாகவில்லை. மருத்துவமனை ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கவும் இல்லை. மருத்துவக் கவனக்குறைவு வழக்கிற்கு இரண்டே ஆண்டுகள்தான் கெடு என்பதும், வேறொருவரிடமும் கேட்டுப் பாருங்கள் என்பதும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பெண்மணி சில நாட்கள் அழைப்புக்காகக் காத்திருந்தார். அழைப்பு வராததால் வழக்கு இல்லை என்ற முடிவுக்கு வந்து, ஏறத்தாழ ஓராண்டு வேறு யாரையும் பார்க்கவில்லை. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. பிறகு வழக்கு அந்த வழக்கறிஞரின் அலுவலகத்தின் மீதே பாய்ந்தது. அவர்கள் கட்ட வேண்டிவந்த இழப்பீடு 6,49,500 டாலர்.

தன் அலுவலகத்திற்கு ஏற்ற வழக்கு அல்ல என்ற அளவில்தான் பேசியதாக அந்த வழக்கறிஞர் சாட்சியம் சொன்னார். வழக்கே இல்லை என்று சொன்னார் என்பது அந்தப் பெண்மணியின் சாட்சியம். ஜூரிகள் நம்பியது அவரை. ஏன் நம்ப மாட்டார்கள்? வழக்கறிஞருக்கு அது பல சந்திப்புகளில் ஒன்று. அந்தப் பெண்மணிக்கோ அது வாழ்க்கை திரும்பிய நாள், ஒவ்வொரு சொல்லும் நினைவில் நிற்கும். எழுத்தில் எதுவும் இல்லாதபோது யாருடைய நினைவு திடமாக இருக்கிறதோ அவர்தான் சாட்சிக்கூண்டில் வெல்வார். அது பெரும்பாலும் நாமாக இருப்பதில்லை.

வழக்கை ஏற்க மறுப்பது என்னைப் பற்றிய செய்தி. எனக்கு நேரமில்லை, எனக்கு அந்தத் துறை தெரியாது, எதிர்த்தரப்பு எனக்கு வேண்டியவர், உங்களோடு ஒத்துப்போகும் என்று தோன்றவில்லை, இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். வழக்கு நிற்காது என்பதோ சட்டக் கருத்து. கருத்து சொல்ல ஆவணங்களைப் படித்திருக்க வேண்டும், தேதிகளைக் கணக்கிட்டிருக்க வேண்டும், படிக்க நேரமில்லையென்றால் கருத்துச் சொல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "என்னால் முடியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு "நிற்காது" என்கிறோம். நம் இயலாமையை எதிரில் இருப்பவரின் வழக்கின் மேல் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். இதில் ஒரு பைசா வாங்கவில்லை என்ற பெருமிதம் வேறு. கட்டணம் வாங்காததால் பொறுப்பும் இல்லை என்று யார் உங்களுக்குச் சொன்னது? கேட்டவர் உங்கள் கருத்தை நம்பி நடந்தார் என்றால், நடந்த தூரம் வரைக்கும் உங்கள் பொறுப்பும் நீள்கிறது.

நான் ஜூனியராக இருந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் கட்சிக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கான கடிதங்களைச் சீனியர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். எல்லாக் கடிதமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: தங்கள் விவகாரத்தை நான் ஏற்கவில்லை, இதனால் தங்கள் வழக்கு வலுவற்றது என்று கொள்ள வேண்டாம், இத்தகைய வழக்குகளுக்குச் சட்டம் விதித்த கெடு உண்டு, அது விரைவில் முடியக்கூடும் என்பதால் உடனே வேறொரு வழக்கறிஞரை அணுகவும், தாங்கள் காட்டிய அசல்களைத் தங்களிடமே கொடுத்துவிட்டேன். நகல் ஒரு தனிக் கட்டில் போகும். குமாஸ்தாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. வராத பணத்திற்குத் தபால் செலவு எதற்கு என்று எங்கள் காதில் விழும்படி முணுமுணுப்பார். எங்களுக்கும் அலுப்புதான். ஒருநாள் ஒருவர் அலுவலகத்திற்குள் வந்து, "வழக்கே இல்லை என்று சொல்லி என் சொத்தைப் போகவிட்டவர் இவர்தான்" என்று கூச்சலிட்டார். சீனியர் பதில் பேசாமல் கட்டைக் கொண்டுவரச் சொல்லி, நகலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை இரண்டு முறை படித்தார். இப்படி ஒரு கடிதம் வந்ததும், வீட்டில் யாரோ வாங்கி எங்கோ வைத்ததும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. சீனியர் வெற்றி முகம் காட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தேதிகளை மறுபடி கேட்டு, தாமதத்தைப் பொறுத்தருளக் கோர வழியிருக்கிறதா என்று அரைமணி நேரம் அவரோடு உட்கார்ந்து பார்த்தார். வழி இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்.

அந்தக் கட்டை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் செய்துகொண்ட ஏற்பாடு என்று நீண்ட காலம் நினைத்திருந்தவர்கள் எங்களில் உண்டு. தொழில் தர்மம் ஒரு பக்கம், தற்காப்பு இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது இப்போது கருத்தரங்குகளில் வழக்கமாகிவிட்டது. உங்கள் கடிதத்திலும் அந்தப் பிரிவினை இருக்கிறது. காப்பீட்டைத் தற்காப்பில் வைக்கிறீர்கள். அந்த அம்மாளை எதிலும் வைக்கவில்லை. நான்கு வரிக் கடிதம் ஒன்று அவருக்குப் போயிருந்தால் அவருடைய உரிமையும் உங்கள் பெயரும் ஒரே தபால்தலையில் பிழைத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வந்துபோன அந்த நாலைந்து பேரும் தங்கள் ரகசியங்களை உங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளை அந்த அம்மாளுக்கு விற்க மறுக்கும் நபரே உங்களைத் தேடி வந்தால் என்ன செய்வீர்கள்? அம்மாளின் பெயரை எங்கும் குறித்துவைக்காத நிலையில், அவருடைய எதிரிதான் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பதே உங்களுக்குத் தெரியப் போவதில்லை. வக்காலத்தை வாங்கிவிடுவீர்கள். முதல் வாய்தாவில் அந்த அம்மாள் நீதிமன்றத்தில் உங்களை அடையாளம் கண்டுகொள்வார். இதற்கென்றே அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் மாதிரி விதிகளில் 2002இல் தனி விதி ஒன்றைச் சேர்த்தது: வழக்கை ஏற்காவிட்டாலும், கலந்தாலோசிக்க வந்தவர் சொன்னதைக் காக்கும் கடமை உண்டு. நம் பார் கவுன்சில் விதிகளும், எதிர்த்தரப்போடு உள்ள தொடர்பைக் கட்சிக்காரரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கின்றன. சொல்வதற்கு முதலில் உங்களுக்கு நினைவிருக்க வேண்டுமே.

ஒரு நோட்டு போதும். தேதி, வந்தவர் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், விவகாரம் ஒரு வரியில், கெடு எப்போது முடியலாம், என்ன சொல்லி அனுப்பினீர்கள். இதைக் குமாஸ்தாவிடம் விடாமல் நீங்களே எழுதுங்கள். அப்படிச் செய்தால் கட்சிக்காரர்கள் நம்மைச் சந்தேகப்படுவார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு நடப்பதை நீங்கள் குறைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கேள்விக்கே வருகிறேன். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, எதிர்காலத்தில் உங்கள்மீது கோரிக்கை எழக் காரணமாகக்கூடிய நிகழ்ச்சி ஏதாவது உங்களுக்குத் தெரியுமா என்று வழக்கமாகக் கேட்பார்கள். தெரிந்ததை மறைத்தால், பணம் தேவைப்படும் நாளில் பாலிசி கைவிட்டுவிடும். இரண்டு ஆண்டுகளில் திருப்பி அனுப்பியவர்களைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லாத நீங்கள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவரைப் பற்றியாவது இப்போது தெரிந்திருக்கிறது. அந்த அம்மாளின் தொலைபேசி எண் உங்களிடமோ, அவரை அழைத்துவந்தவரிடமோ இருக்கும். விண்ணப்பத்தை நிரப்பும் முன் அவரை அழைத்து, ஒப்பந்தத்தில் உள்ள தேதியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கெடு மிச்சமிருந்தால், வேறொரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே போகச் சொல்லி, பதிவுடன் கூடிய விரைவுத் தபாலில் எழுதுங்கள். முடிந்துபோயிருந்தால், அதையும் எழுதத்தான் வேண்டும். அப்போது உங்களிடம் வந்த அன்று கெடு இருந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

அன்புடன்.