ஜெல் உறைந்த பிறகும் மின்னோட்டம் ஏன் குறையவில்லை?

கேள்வி: டெட்ராஎத்தாக்சிசிலேன் சோலில் (நாளடைவில் சிலிக்கா ஜெல்லாக உறையும் திரவம்) 1 மில்லிமோலார் ஃபெரோசீன் மெத்தனால் கலந்து, 25 மைக்ரான் விட்டமுள்ள பிளாட்டின மின்முனையால் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) எடுக்கிறேன். நான்காம் நாள் ஜெல் உறைந்தது. மின்னோட்டம் மாறவே இல்லை. பத்தாம் நாள் கூடியே விட்டது. மின்முனை கெட்டுவிட்டதா? (எம்.எஸ்சி. மாணவி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: மின்முனையில் அழுக்குப் படிந்திருந்தால் மின்னோட்டம் குறைந்திருக்கும், கூடியிருக்காது. நீங்கள் பார்த்த இரண்டுமே உண்மையான விளைவுகள்தான்.

குப்பியைச் சாய்த்தால் ஜெல் அசையாது. ஆனால் சிலிக்கா வலைக்கு நடுவே உள்ள துளைகளில் இன்னும் அதே திரவம்தான் இருக்கிறது. ஃபெரோசீன் மெத்தனால் போன்ற சின்ன மூலக்கூறு அதில் ஏறக்குறைய பழையபடியே விரவுகிறது, அதாவது தானாகப் பரவுகிறது. அதனால் உறையும் நேரத்தை மின்வேதியியலில் தேடாதீர்கள்; அதற்குக் குப்பியைச் சாய்த்துப் பார்ப்பதே போதும். இந்த முறை நன்றாகக் காட்டுவது அதற்குப் பிறகு வரும் முதிர்வையும் உலர்வையும்தான்.

மின்னோட்டம் கூடியதற்குக் காரணம் ஆவியாதல். நிலை மின்னோட்டம் (நேரம் போனாலும் மாறாமல் நிற்கும் மின்னோட்டம்) விரவல் குணகத்தையும், அதாவது விரவும் வேகத்தின் அளவையும், செறிவையும் சேர்த்தே காட்டும். கரைப்பான் போகப் போகச் செறிவு ஏறும், துளை சுருங்கச் சுருங்க விரவல் இறங்கும். நிலை மின்னோட்டம் ஒன்றை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. குரோனோஆம்பெரோமெட்ரி செய்யுங்கள். மின்னழுத்தத்தை 0-லிருந்து 0.45 வோல்ட்டுக்கு (வெள்ளி/வெள்ளி குளோரைடுக்கு எதிராக) தாவவிட்டு, மின்னோட்டத்தை 1/√நேரம் என்பதற்கு எதிரே வரையுங்கள். புது ஜெல்லுக்கு 1 முதல் 6 விநாடி வரையுள்ள பகுதியை எடுங்கள். விரவல் பத்தில் ஒன்றாகக் குறைந்த பழைய ஜெல்லுக்கு 10 முதல் 60 விநாடி. கோட்டின் வெட்டுத்துண்டுதான் (மின்னோட்ட அச்சை அது வெட்டும் மதிப்பு) நிலை மின்னோட்டம். சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்தால் செறிவு அடிபட்டுப் போகும். 0.359-ஐ ஆரத்தால் பெருக்கி, அந்த விகிதத்தால் வகுத்து, இருபடியாக்கினால் விரவல் குணகம் வந்துவிடும். அதையும் வெட்டுத்துண்டையும் கொண்டு செறிவைக் கணக்கிடலாம்.

முதலில் சோல் இல்லாமல், அதே 1 மில்லிமோலார் ஃபெரோசீன் மெத்தனாலும் 0.1 மோலார் உப்பும் கலந்த நீரில் சோதியுங்கள். விகிதம் 0.17, நிலை மின்னோட்டம் 3.4 நானோஆம்பியர் அருகில் வந்தால் கருவி சரி. இரண்டு அளவீட்டுக்கு நடுவே தாவல் நீடித்த நேரத்தைப்போல் பத்து மடங்காவது காத்திருங்கள். ஜெல்லைக் கலக்க முடியாது, மின்முனையருகே குறைந்துபோனது தானாகத்தான் நிரம்ப வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சோலில் எத்தனால் அதிகம், முதலில் பறப்பதும் அதுவே. எத்தனால்-நீர்க் கலவையின் பாகுத்தன்மை எத்தனால் எடையில் 40-45 சதவீதமாக இருக்கும்போது உச்சத்தில் இருக்கும். அந்தக் கட்டத்தைக் கடக்கும்போது துளையில் எந்த மாற்றமும் இல்லாமலே விரவல் இறங்கும். சிலிக்கா இல்லாத எத்தனால்-நீர்க் கலவைகளில் ஒரு ஒப்பீட்டு வரிசை எடுக்காமல் ‘துளை சுருங்கிவிட்டது’ என்று எழுதுவது சரியல்ல.

உங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்றில் திறந்த குப்பி வேகமாகக் காயும், ஆடி மழையில் மெதுவாக. இரண்டு மாத முடிவுகளையும் ஒப்பிட வேண்டுமானால் குப்பியை நிறைவுற்ற சோடியம் குளோரைடு கரைசல் உள்ள மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் குப்பியை எடைபோடுங்கள். வெப்பத்தையும் 25 டிகிரியில் நிறுத்துங்கள். ஒரு டிகிரிக்கே விரவல் 2-3 சதவீதம் மாறும். நானோஆம்பியரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், நில இணைப்புக் கொடுத்த தகர டப்பாவுக்குள் கலத்தை வைத்தாலே அடங்கிவிடும்.

விரவல் திடீரென்று திரவத்தின் மதிப்புக்கே தாவினால், ஜெல் சுருங்கி மின்முனையை விட்டு விலகியிருக்கும். கைலென்ஸில் பாருங்கள்: கண்ணாடி உறையைச் சுற்றி மெல்லிய பளபளப்பான வளையம் தெரியும். அந்தக் குப்பியின் அதற்குப் பிந்தைய தரவை ஒதுக்கிவிடுங்கள்.

ஃபெரோசீன் மெத்தனாலுக்குப் பதில் ஃபெரிசயனைடு போடலாமா என்று யாராவது சொன்னால் வேண்டாம். அமில சோலில் நாளாக நாளாக அது சிதையும், நச்சான ஹைட்ரஜன் சயனைடும் வரலாம். ருத்தீனியம் ஹெக்சாஅமைன் போன்ற நேர்மின் அயனியோ, எதிர்மின்னேறிய சிலிக்காச் சுவரில் ஒட்டிக்கொண்டு விரவலைக் குறைத்துக் காட்டும்.