கேளுங்க சிஸ்டர்!
(ஓய்வுபெற்ற நர்சிங் கண்காணிப்பாளர் பதில் சொல்கிறார்)

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் தனியார் மருத்துவமனை நர்ஸ் நான். தொற்றுத் தடுப்புப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ‘கை கழுவுங்கள்’ என்று சுவரெல்லாம் ஒட்டினேன், கூட்டம் போட்டுச் சொன்னேன். தலையாட்டுகிறார்கள், மறுநாள் பழைய கதைதான்.

பதில்: போஸ்டரை விடுங்கள் அம்மா. கை கழுவணும் என்று தெரியாமலா படித்துவிட்டு வந்தார்கள்? ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓரமாக நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வார்டில் பன்னிரண்டு கட்டிலுக்கு ஒரே குழாய். அதையும் ஸ்ட்ரெச்சரை நகர்த்தினால்தான் தொட முடியும். சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். காலை ஊசி நேரத்தில் யார் போவார்கள்? ஒவ்வொரு கட்டில் கால்மாட்டிலும் ஹேண்ட் ரப் (தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) மாட்டச் சொல்லுங்கள். அதற்கு 20, 30 விநாடி போதும், அடுத்த கட்டிலுக்கு நடக்கும்போதே தேய்த்துவிடலாம். ஜெனீவா மருத்துவமனையில் இதை முன்னிறுத்தியபோது, கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 1994-ல் 48 சதவீதம்தான் செய்தார்கள், 1997-ல் அது 66 ஆனது. மருத்துவமனையில் வரும் தொற்றும் 16.9 சதவீதத்திலிருந்து 1998-க்குள் 9.9-க்கு இறங்கியது. கையில் ரத்தம், அழுக்கு தெரிந்தாலோ, வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டாலோ மட்டும் சோப்பும் தண்ணீரும்தான்.

கிளவுஸைக் கழற்றாமலே கட்டில் கட்டிலாகப் போய், அதே கையால் கேஸ் ஷீட்டையும் போனையும் தொடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்கள் கை பத்திரம், நோயாளி?

இனி டாக்டர்கள். ரவுண்ட்ஸில் பெரியவர் கை தேய்க்காமல் நோயாளியைத் தொட்டால், பின்னால் வருகிற அத்தனை பேரும் அப்படியே. நிர்வாகத்திடம் ஒரே ஒரு உரிமை கேளுங்கள்: சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடும்போது ஒரு படி தவறினாலும் நர்ஸ் நிறுத்தலாம் என்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் ஐந்து படிகள் கொண்ட செக்லிஸ்ட்டோடு இதைச் செய்து, அந்தக் குழாய் வழியாக வரும் ரத்தத் தொற்றை மூன்றில் இரண்டு பங்குவரை குறைத்தார்கள். 2006-ல் வெளியான முடிவு அது. நீங்கள் வாதாடவே வேண்டாம், “சார், ஹேண்ட் ரப்” என்று பாட்டிலை நீட்டுங்கள். முகம் சுளித்தால் நிர்வாகம் உங்கள் பக்கம் நிற்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வேலை. மார்கழித் தண்ணீர் விரலை வெட்டுகிறது. ஹேண்ட் ரப்பும் கையை வறட்டுமே?

பதில்: கிளிசரின் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள், உலக சுகாதார நிறுவனத்தின் கலவையிலேயே 1.45 சதவீதம் உண்டு. ஓயாமல் சோப்புப் போடுவதைவிடத் தோலுக்கு இதுவே இதம். ஏற்கெனவே வெடித்திருந்தால் எரியும். டியூட்டி முடிந்ததும் க்ரீம் தடவுங்கள். ஸ்வெட்டர் கையை மட்டும் முழங்கைக்கு மேலே ஏற்றிவிடுங்கள், குளிரினாலும்.