கேள்வி-பதில்: ஹென்றி கூப்பரின் இடது கை

போன இதழில் முகமது அலியைப் பற்றி எழுதும்போது, 'லண்டனில் ஹென்றி கூப்பர் அவரை ஒரு தடவை உட்கார வைத்தார்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை முழுக்க அந்தப் பிரிட்டன் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் கூப்பர்தான்.

கே: அலி தோற்றுவிடக் கூடாது என்று அவருடைய கையுறையை வேண்டுமென்றே கிழித்து நேரம் வாங்கினார்களாமே, நிஜமா?
– ஈரோடு வாசகர்

ப: கிழிசல் நிஜம். 'நேரம் வாங்கினார்கள்' என்பதுதான் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே வந்த சமாச்சாரம்.

1963 ஜூன் 18, வெம்பிளி ஸ்டேடியம். அலி அப்போது காசியஸ் கிளே. வயது 21. அதுவரை ஆடிய 18 சண்டைகளிலும் தோல்வி கிடையாது. தலையில் கிரீடம், உடம்பில் சிவப்பு அங்கி என்று ராஜா வேஷத்தில் ரிங்குக்கு வந்தார். ஐந்தாவது ரவுண்டில் ஆளை முடிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார். சண்டை தொடங்கிச் சீக்கிரமே கூப்பரின் இடது புருவம் பிளந்துவிட்டது. கிளே நினைத்திருந்தால் அப்போதே கதையை முடித்திருக்கலாம். ஆனால் சொன்ன வாக்கு என்று ஒன்று இருக்கிறதே! கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு விளையாட்டுக் காட்டினார்.

நான்காவது ரவுண்டு முடியச் சில விநாடிகள் இருந்தபோது கூப்பரின் இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) கிளேயின் தாடையில் வந்து இறங்கியது. கிளே கயிற்றில் சரிந்து பொத்தென்று உட்கார்ந்தார். எழுந்து நின்றதும் மணி அடித்தது. நின்றாரே தவிர, ஆள் அந்த இடத்தில் இல்லை.

கையுறையின் தையலில் ஏற்கெனவே சின்னதாக ஒரு பிளவு இருந்தது. அதை விரலால் கொஞ்சம் பெரிதாக்கி நடுவரிடம் காட்டினேன் என்று கிளேயின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியே பிற்பாடு சொன்னார். மாற்றுக் கையுறை வரவில்லை, கிழிந்ததைப் போட்டுக்கொண்டுதான் கிளே மேற்கொண்டு ஆடினார். இந்த இடைவெளி சிலர் வாயில் இரண்டு நிமிஷம், சிலர் வாயில் மூன்று நிமிஷம். படச்சுருளை வைத்துக் கணக்குப் பார்த்தால், வழக்கமான ஒரு நிமிஷத்துக்கு மேல் போனது சில விநாடிகள்தான்.

என்னைக் கேட்டால், கூப்பர் தரப்புக்கு அதைவிட நியாயமான புகார் ஒன்று இருந்தது. டண்டி அந்த இடைவேளையில் மயக்கம் தெளிவிக்கும் உப்பைக் கிளேயின் மூக்கருகே பிடித்தார். பிரிட்டன் விதிப்படி அது கூடவே கூடாது. எல்லாரும் கையுறையையே பேசிக்கொண்டிருந்ததில் இந்த விஷயம் அமுங்கிப்போய்விட்டது. தெளிந்து வந்த கிளே அடுத்த ரவுண்டில் அந்தப் புருவத்தையே குறிவைத்துக் குத்தினார். ரத்தத்தைப் பார்த்து நடுவர் டாமி லிட்டில் சண்டையை நிறுத்தினார். ஐந்தாவது ரவுண்டு, சொன்னபடியே.

கே: அந்த இடது கையில் அப்படி என்ன விசேஷம்?
– நாகர்கோவில் வாசகர்

ப: கூப்பர் பிறவியிலேயே இடது கைக்காரர். இடது கைக்காரர்கள் சாதாரணமாக வலது கையை முன்னால் நீட்டி, பலமான இடது கையைப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். கூப்பர் வலது கைக்காரர் மாதிரி நின்றார். ஆக, பலமான கை முன்னால், எதிராளிக்குப் பக்கத்தில். அது போக வேண்டிய தூரம் குறைவு, வருவதைப் பார்த்து ஒதுங்கக் கிடைக்கிற நேரமும் குறைவு. லண்டன்காரர்கள் அதற்குச் 'சுத்தியல்' என்று பேர் வைத்தார்கள்.

கே: இவ்வளவு திறமை இருந்தும் ஏன் உலகச் சாம்பியன் ஆகவில்லை?
– சிங்கப்பூர் வாசகர்

ப: முதல் காரணம் தோல். கூப்பரின் புருவ எலும்பு துருத்திக்கொண்டிருக்கும், அதன் மேல் தோல் மெல்லிசு. ஒரு தடவை கிழிந்து ஆறிய இடம் அடுத்த தடவை இன்னும் சுலபமாகக் கிழியும். அட்ரினலின் தோய்த்த பஞ்சை ஒரு நிமிஷ இடைவேளைக்குள் அழுத்தி, மேலே வாசலைனைத் தடவி அனுப்ப மூலையில் அதற்கென்றே டேனி ஹாலண்ட் என்று ஒருவர் இருந்தார். கைராசிக்காரர்தான், ஆனாலும் எத்தனை தடவை ஒட்டுப்போடுவது?

1966 மே 21 அன்று ஆர்சனல் அணியின் ஹைபரி கால்பந்து மைதானத்தில் அலியோடு மறுபடியும் மோதினார். இந்த முறை உலகப் பட்டத்துக்கு. 1908-க்குப் பிறகு பிரிட்டன் மண்ணில் நடந்த முதல் ஹெவிவெயிட் உலகப் பட்டச் சண்டை அது. ஆறாவது ரவுண்டில் அதே புருவம், அதே முடிவு.

இரண்டாவது காரணம் எடை. 1963-இல் அவர் சுமார் 84 கிலோ, கிளே 94. இன்றைய கணக்கில் கூப்பர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட். அவருடைய மேனேஜர் ஜிம் விக்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். எதிராளிகளை நடுங்கவைத்த அமெரிக்க ஹெவிவெயிட் சன்னி லிஸ்டனோடு மோதச் சொல்லிக் கேட்டவர்களிடம், அந்த ஆள் நடக்கிற தெருப்பக்கமே நாங்கள் போக விரும்பவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். நல்ல மேனேஜர்!

உள்ளூரில் அவரை அசைப்பது கஷ்டமாக இருந்தது. 1959 ஜனவரியில் பிரையன் லண்டன் என்ற வீரரைத் தோற்கடித்துப் பிரிட்டன், காமன்வெல்த் பட்டங்களைப் பிடித்தார். 1969-இல் அமெரிக்க வீரர் ஜிம்மி எல்லிஸோடு ஆடவிருந்த சண்டையை உலகப் பட்டச் சண்டையாகப் பிரிட்டன் குத்துச்சண்டை வாரியம் ஏற்க மறுத்தபோது, கோபத்தில் பிரிட்டன் பட்டத்தையே விட்டுக்கொடுத்தார். அடுத்த வருஷம் சண்டை போட்டு அதைத் திரும்ப வாங்கினார். மொத்தம் 55 சண்டைகள், 40 வெற்றி, 14 தோல்வி, ஒன்று சமன்.

கே: கால் (¼) பாயின்ட்டில் ஒரு சாம்பியன் தோற்க முடியுமா?
– மதுரை வாசகர்

ப: அந்தக் காலப் பிரிட்டனில் முடியும். மூன்று நீதிபதிகள் எல்லாம் கிடையாது. ரிங்குக்குள் நிற்கிற நடுவர் ஒருவரே மதிப்பெண்ணும் போடுவார். ரவுண்டுக்கு ஐந்து பாயின்ட், குறைப்பது கால் காலாக. கடைசி மணி அடித்ததும் அவர் நேராக நடந்துபோய் யார் கையைத் தூக்குகிறாரோ அவர்தான் ஜெயித்தவர்.

1971 மார்ச் 16, வெம்பிளி. கூப்பருக்கு 37 ஆகப்போகிறது. எதிரில் ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஜோ பக்னர், வயது 21. பதினைந்து ரவுண்டும் முடிந்தது. நடுவர் ஹாரி கிப்ஸ் போய் பக்னரின் கையைத் தூக்கினார். 73¾-க்கு 73½. கூட்டம் கூச்சல் போட்டது. இப்படியா ஒருவரின் பட்டங்களைப் பறிப்பது என்று வர்ணனையாளர் ஹாரி கார்ப்பென்டரே ஆற்றமாட்டாமல் கேட்டார். பிரிட்டன், காமன்வெல்த், ஐரோப்பா என்று மூன்று பட்டமும் ஒரே இரவில் போயின. கூப்பர் அத்தோடு ஓய்வு பெற்றார். கிப்ஸோடு பல வருஷம் பேச்சுவார்த்தையே இல்லை. நானாக இருந்தால் கூப்பருக்குத்தான் கொடுத்திருப்பேன், ஆனால் பெரிய வித்தியாசத்தில் அல்ல.

கே: கடைசிக் காலத்தில் வசதியாக இருந்தாரா?
– திருநெல்வேலி வாசகர்

ப: பெயர் இருந்தது. சண்டை ஆடிக்கொண்டிருந்தபோதே வெம்பிளியில் காய்கறிக் கடை நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகு புரூட் வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து, குத்துச்சண்டையே பார்க்காதவர்களுக்கும் தெரிந்த முகமானார். பணம்தான் கைவிட்டது. லாயிட்ஸ் ஆஃப் லண்டன் காப்பீட்டுச் சந்தையில் முதலீடு செய்து நஷ்டப்பட்டார். 1993-இல் பிரிட்டன் சாம்பியன்களுக்குத் தரும் லான்ஸ்டேல் பெல்ட்டுகளில் தம்மிடம் இருந்த மூன்றையும் ஏலத்தில் விற்க வேண்டி வந்தது. பட்டச் சண்டைகளில் திரும்பத் திரும்ப ஜெயித்தால்தான் ஒரு பெல்ட் நிரந்தரமாகச் சொந்தமாகும். மூன்றைச் சொந்தமாக்கியவர் அவர் ஒருவர்தான். 2000-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 2011 மே 1 அன்று, 77-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் காலமானார்.

கே: குத்துச்சண்டையைத் தடை செய்ய வேண்டும் என்கிறேன். கூப்பர் என்ன சொல்லியிருப்பார்?
– சேலம் வாசகி

ப: உங்களைப் போலவே சொன்ன ஒருவர் இருந்தார். டாக்டரும் அரசியல்வாதியுமான எடித் சம்மர்ஸ்கில். கூப்பரோடு நடந்த ஒரு விவாதத்தில், உங்கள் மூக்கைக் கண்ணாடியில் பார்த்ததுண்டா என்று கேட்டாராம். கூப்பர், 'நீங்கள் பார்த்ததுண்டா அம்மா? என் மூக்குக்குக் குத்துச்சண்டை காரணம், உங்கள் மூக்குக்கு?' என்றாராம். பதில் சாமர்த்தியம்தான். ஆனால் சம்மர்ஸ்கில்லின் கவலை மூளையைப் பற்றியது, அதற்கு இது பதில் ஆகாது.

கே: அவருடைய சண்டைகளில் எதைப் பார்க்கலாம்?
– கோவை வாசகர்

ப: 1963-ஐ எப்படியும் பார்ப்பீர்கள். 1971-ஐப் பாருங்கள் என்பேன். ஒரு தாளை வைத்துக்கொண்டு ரவுண்டு ரவுண்டாக மார்க் போட்டு எனக்கு அனுப்புங்கள். பக்னருக்குக் கொடுத்தவர்களின் கடிதத்தையும் பிரசுரிக்கிறேன்.