நீச்சல் குளத்தில் காவிக் கறை: ஆசிட் கேனைத் திறக்கும் முன்

கேள்வி: உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் சின்னதா ஒரு நீச்சல் குளம் கட்டி ஒரு வருசம் ஆகுதுங்க. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். நீல மொசைக் டைல்ஸ். போர் தண்ணிதான் விடறோம். விட்டப்ப தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துச்சு. பிளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் டீத்தண்ணி ஆயிருச்சு. இப்ப தெளிஞ்சிருச்சு, ஆனா தரையிலயும் படியிலயும் காவிக் கறை. ஆசிட் ஊத்தித் தேய்ச்சா போகுது, பத்து நாள்ல திரும்பி வருது. தண்ணி வர்ற வாய்ப் பக்கம் பச்சையாவும் இருக்குது. என்ன பண்றதுங்க?

பதில்: அது அழுக்கு இல்லைங்க, இரும்பு. ஆழ்துளைக் கிணற்றுக்குள் காற்று படாத வரை இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாக மாறி நிறம் காட்டும், பிறகு மெல்லப் படிந்து டைல்ஸைப் பிடித்துக்கொள்ளும். ஆசிட் போட்டுத் தேய்த்தால் கறை கரைகிறது, ஆனால் எங்கே போகிறது? அதே தண்ணீருக்குள்தான். அடுத்த பிளீச்சிங் பவுடரில் மறுபடி தரைக்கு வந்துவிடும். இதற்கிடையில் டைல்ஸ் இடுக்கில் உள்ள வெள்ளை சிமென்ட்டை ஆசிட் அரித்திருக்கும். அரித்த இடுக்கில் அடுத்த கறை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

முதலில் இரும்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெடிக்கலில் சப்பிச் சாப்பிடும் 500 மில்லிகிராம் விட்டமின் சி மாத்திரை கிடைக்கும். ஒன்றை எடுத்துத் தண்ணீருக்கடியில் படிக்கட்டுக் கறைமேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்ததும் மாத்திரை வடிவிலேயே வெளுத்த வட்டம் தெரிந்தால் இரும்பு. அசையாவிட்டால் வேறோர் இடத்தில் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைப் போட்டுப் பாருங்கள். அதில் வெளுத்தால் அது புளிய இலை, வேப்பிலை விட்ட சாயம், உலோகம் அல்ல. மாத்திரை வைத்த இடத்தில் காவி வெளுத்து அடியில் வெள்ளைப் பொருக்கு மிஞ்சினால் அது நம் ஊர் உப்புத் தண்ணியின் சுண்ணாம்பு. அதைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

இரும்பென்று உறுதியானால் மருந்தும் அதே விட்டமின் சி தான், பவுடராக. கெமிக்கல் கடையில் அஸ்கார்பிக் ஆசிட் என்று கேளுங்கள். கடைக்காரர் எலுமிச்சை உப்பை எடுத்துக்கொடுத்து 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார். ஒன்றல்ல. அது சிட்ரிக் ஆசிட். தாமிரக் கறைக்கு அது நல்லது, இரும்புக்கு அஸ்கார்பிக்தான் சட்டென்று வேலை செய்யும். உங்கள் குளத்தின் கொள்ளளவு 48,000 லிட்டர். 600 கிராம் போதும், கறை பழசானால் இன்னொரு 300 கிராம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரின் இருக்கும்போது இதைப் போட்டால் காசுதான் கரையும். உங்கள் குளத்தில் ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரினே 120 கிராம் விட்டமின் சியை விழுங்கிவிடும். அதனால் குளோரின் போடுவதை நிறுத்தி, வெயிலில் அது பூஜ்யத்துக்கு இறங்கும் வரை பொறுங்கள். அதற்குள் மணல் ஃபில்டரை நன்றாக பேக்வாஷ் செய்துவிடுங்கள் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுவது), மணலில் சிக்கிய துரு மறுபடி கரைந்து வரக் கூடாது. குளோரின் இல்லாத தண்ணீர் நம் வெயிலில் சீக்கிரம் பாசி பிடிக்கும். தடுக்க பாலிக்வாட் 60 வகைப் பாசிக்கொல்லியை டப்பாவில் சொன்ன அளவு ஊற்றுங்கள். தாமிரம் கலந்த பாசிக்கொல்லி வேண்டவே வேண்டாம்.

பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7.2 அளவில் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அரை லிட்டரை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கம் சுற்றி ஊற்றி, நாலு மணி நேரம் கழித்துப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுபடி. தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை அல்ல. பிளீச்சிங் பவுடர் அள்ளிய பக்கெட்டில் ஆசிடை ஊற்றிவிடாதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பிறகு சாயங்காலமாக அஸ்கார்பிக் பவுடரைக் கறை அதிகமுள்ள இடங்களின்மேல் தூவுங்கள், மோட்டார் ஓடட்டும். அரை மணியிலேயே நிறம் குறையத் தொடங்கும், பழைய கறைக்கு மறுநாள் காலை வரை ஆகும். தேய்க்க வேண்டாம். இரும்பு பிரஷ் பக்கமே வராதீர்கள், உடைந்து விழும் கம்பித் துணுக்கு ஒவ்வொன்றும் புதுக் கறை.

கறை போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். இரும்பு முழுவதும் இப்போது தண்ணீருக்குள் நிற்கிறது. அதைக் கட்டிப்போட சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறை மாஸ்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார், வெளிர் நிறத் துணியில் இரும்புத் தண்ணீர் விளையாடாமல் இருக்க அவர்கள் போடுவதும் இந்த வகைதான். ஆனால் பட்டறைக்கென்று வரும் கலவைகளில் நுரைக்கும் சரக்கும் இருக்கலாம். இந்த வகையில் ஒன்றான எச்.இ.டி.பி.யை, 60 சதவீதத் திரவம் என்று தனியாகக் கேட்டு வாங்கி, அரை லிட்டர் ஊற்றுங்கள். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் அதற்கு மேல் ஊற்றினால் குளம் பால்போல் கலங்கும். குளோரின் இந்த மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும் என்பதால் வாரம் 100 மில்லி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து குளோரின். பவுடர் வேண்டாம், அதில் சுண்ணாம்பும் கூடவே வரும். 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 250 மில்லியை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து தினமும் சாயங்காலம் ஊற்றுங்கள். சில நாட்கள் டெஸ்ட் கிட்டில் நிறமே வராது. மிச்சமிருக்கும் விட்டமின் சி, அளவு எடுக்கும் முன்பே குளோரினைத் தின்றுவிடுகிறது. மருந்து சரியில்லை என்று மொத்தமாக ஊற்றினால் அன்றிரவே கறை திரும்பும். கிட்டில் 1 பிபிஎம் காட்டும் வரை இதே அளவு, அதன் பிறகு ஒரு மாதம் 1 முதல் 2-க்குள். பி.எச். 7.4-ஐத் தாண்டாமல் வாரம் இரண்டு முறை பாருங்கள். கறை நின்றதா திரும்பியதா என்பது இந்த ஒரு மாதத்தில்தான் தெரியும்.

பச்சைக் கறைக்கு வருவோம். தண்ணீர் வாய் அருகே பச்சை என்றால் தாமிரம். குளத்துக்கு ஹீட்டர் இருந்தால் அதன் தாமிரக் குழாய் அரிக்கிறது. ஹீட்டர் இல்லையென்றால், பாசிக்காக யாராவது மயில்துத்தம் (தாமிர உப்பு) போட்டார்களா என்று தோட்டத்து ஆளைக் கேளுங்கள். கிணற்றுக்குப் போடுகிற பழக்கத்தில் ஒரு கிலோவை இங்கே கொட்டினால் 5 பிபிஎம் தாமிரம் ஆகிவிடும். தாத்தாவின் நரைமுடிகூடப் பச்சை அடிக்கும். இந்தக் கறைக்குப் பழைய காலுறையில் எலுமிச்சை உப்பைக் கட்டி அதன்மேல் வையுங்கள், அரை மணிக்கொரு முறை தூக்கிப் பார்த்து நகர்த்துங்கள். மறந்துவிட்டால் சிமென்ட் இடுக்கு போய்விடும்.

குளத்துக்குத் தினமும் விடும் தண்ணீர் இதே போரிலிருந்துதான் என்றால் கதை முடியாது. ஆடிக் காற்றில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே உங்கள் குளத்தில் 160 லிட்டர் போகிறது. தண்ணீர் ஆவியாகும், இரும்பு ஆவியாகாது. போர் தண்ணீரில் 1 பிபிஎம் இரும்பு இருந்தால் மாதம் 0.1 பிபிஎம் ஏறும், மூன்றே மாதத்தில் கறை படியும் அளவான 0.3-ஐத் தொடும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் போர் தண்ணீரைச் சோதித்து, இரும்பு, மாங்கனீசு, கடினத்தன்மை மூன்றையும் கேளுங்கள். போரில் இறங்கியிருக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்றும் மோட்டார் எடுக்கும்போது பாருங்கள்.

இரும்பு இருந்தால் நேராகக் குளத்துக்கு விடாதீர்கள். தொட்டியில் தண்ணீரை மேலிருந்து சிதறி விழ விட்டு, ஆயிரம் லிட்டருக்கு 30 மில்லி ஹைப்போகுளோரைட் கலந்து, ஒரு ராத்திரி அடங்க விடுங்கள். துரு அடியில் தங்கும். அடித்தண்ணீர் ஓரடியை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் 5 மைக்ரான் ஃபில்டர் வழியாகக் குளத்துக்கு எடுங்கள். அடித்தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு காவிப் புள்ளி மட்டும், எத்தனை முறை போக்கினாலும் அதே இடத்தில், உருண்டையாகத் திரும்பி வந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. அங்கே கான்கிரீட் கம்பி மேலே வந்து துருப்பிடிக்கிறது. தண்ணீரை இறக்கி, அந்த டைல்ஸைப் பெயர்த்து, கம்பியை இரண்டு அங்குலம் உள்ளே வெட்டி, நீர்க்கசிவு தடுக்கும் கலவையால் அடைத்து டைல்ஸ் பதிக்க வேண்டும்.