திருநெல்வேலியா, மேடவாக்கமா?

அன்புள்ள ஐயா,

எனக்கு 33 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்; வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். குடியிருப்பது மேடவாக்கத்தில். வாடகை 24,000, மெயின்டனன்ஸ் 3,000. கையில் வரும் சம்பளம் 85,000.

இப்போது திருநெல்வேலியில் கிளை திறந்திருக்கும் ஒரு சின்ன நிறுவனம் 65,000 தருவதாகக் கூப்பிடுகிறது. அங்கே இதே அளவு வீடு 11,000க்குக் கிடைக்கிறது. வாடகையில் 16,000 மிச்சம். தண்ணி லாரி, பெட்ரோல் என்று இன்னும் 4,000 குறையும். சம்பளத்தில் போகிற 20,000 இப்படியே திரும்பி வந்துவிடுகிறது. கேடிசி நகரில் 45 லட்சத்துக்கு ஒரு தனி வீடும் பார்த்து வைத்திருக்கிறோம். சேமிப்பு 12 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன்.

அப்பாவுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தோம். மகளுக்கு மூன்றரை வயது, பள்ளியில் சேர்க்க வேண்டும். மனைவி மகிந்திரா சிட்டியில் கார் உதிரிபாக டிசைன் இன்ஜினியர், 55,000 வாங்குகிறாள். அங்கே போய் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். பத்து நாளில் நான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கருத்து வேண்டும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மாதம் வருவது 85,000 இல்லை, 1,40,000. வாடகையும் மெயின்டனன்ஸும் போக இப்போது 1,13,000 நிற்கிறது. திருநெல்வேலிக்குப் போனால், உங்கள் மனைவிக்கு அங்கே வேலை அமையும்வரை, 65,000த்தில் வாடகை போக 54,000தான். 59,000 குறைகிறது. நீங்கள் சொன்ன 4,000 மிச்சத்தைக் கழித்தால் 55,000. அது அப்படியே உங்கள் மனைவியின் சம்பளம். உங்கள் பங்கு சரிக்கட்டிவிடுகிறது என்பது உண்மைதான். ஊர் மாறுவதற்கான செலவு முழுக்க அவர் தலையில் விழுகிறது.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இவ்வளவு விவரமாக எழுதிய கடிதத்தில் அவர் வேலை பற்றிக் கடைசியில் இரண்டு வரிதான் இருக்கிறது என்பது எனக்கு உறுத்தியது. 'ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்' என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமனாருக்கு உடம்பு சரியில்லை, கணவன் ஊருக்குப் போக ஆசைப்படுகிறான், இந்த நேரத்தில் என் வேலை என்ன ஆகும் என்று கேட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தும் அப்படிச் சொல்வார்கள்.

அவர் வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும். ஆசிரியராகவோ செவிலியராகவோ இருந்தால் திருநெல்வேலி, பாளையங்கோட்டையில் வேலைக்குப் பஞ்சமில்லை. கார் உதிரிபாக டிசைன் அப்படி இல்லை. அது இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலைநகர், மகிந்திரா சிட்டி என்று சென்னைக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது. அதை விட்டால் ஓசூர், கோயம்புத்தூர். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்ததைச் சொல்லி நீங்கள் மறுக்கலாம். எனக்கும் அதில் சந்தோஷம்தான், தென்மாவட்டத்துக்கு ரொம்பக் காலமாக வராதது வந்திருக்கிறது. ஆனால் அங்கே நடப்பது பாகங்களைச் சேர்த்து வண்டியைப் பூட்டும் வேலை. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. உதிரிபாகக் கம்பெனிகளும் டிசைன் வேலைகளும் சுற்றிலும் சேர்ந்தது அதன் பிறகு வருடக்கணக்கில். தூத்துக்குடியிலும் அது நடக்கலாம். அதுவரை அவர் சும்மா இருந்தால், திரும்ப வேலை கேட்டுப் போகும்போது முதல் கேள்வியே அந்த இடைவெளி பற்றித்தான் இருக்கும்.

சரி, இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்று.

என் அப்பாவும் சித்தப்பாவும் பஞ்சாலைத் தொழிலாளிகள். அப்பா கோயம்புத்தூருக்குப் போனார். சித்தப்பா தாமிரபரணிக் கரையிலேயே, ஒரே ஒரு ஆலையை நம்பியிருந்த ஊரில் தங்கிவிட்டார். நாங்கள் சிங்காநல்லூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு சமையலறை, ஒரு அறை. ஆறு குடும்பத்துக்குச் சேர்த்து வெளியே இரண்டு கழிப்பறை. சித்தப்பா ஆலைக்குப் பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டினார். கிணறு, முருங்கை மரம், திண்ணை எல்லாம் உண்டு. 'நீங்க குடுக்கிற வாடகையைச் சேர்த்து வச்சிருந்தா நம்ம ஊர்ல ரெண்டு வீடு கட்டியிருக்கலாம்ணே' என்று அப்பாவிடம் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். அப்பா பதில் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் இரண்டு ஆலையும் சில வருட இடைவெளியில் நின்றுபோயின. அப்பாவுக்கு அப்போது 46 வயது. மூன்று மாதம் கஷ்டப்பட்டோம், மறைக்கவில்லை. அப்புறம் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் பட்டறையில் சேர்ந்தார். சம்பளம் குறைவு, ஆனால் அதே சைக்கிளில், அதே வீட்டிலிருந்து போய் வந்தார். நானும் அதே கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தேன். கோயம்புத்தூரில் 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகள் பெருகின. அந்த ஆலைகளைச் சுற்றி ஃபவுண்டரி, லேத், பம்ப்செட், கிரைண்டர் என்று வேறு தொழில்களும் வளர்ந்தன. ஒன்று மூடினால் தட்டிப் பார்க்க இன்னும் நூறு கதவு இருந்தது.

சித்தப்பாவின் ஊரில் ஆலை நின்ற வாரமே ஐம்பது வீட்டுக்கு மேல் விலைக்கு வந்தன. விற்க நினைத்தவர்கள் எல்லோரும் அதே ஆலையில் வேலை பார்த்தவர்கள். வாங்குவதற்கு அங்கே யார் இருப்பார்கள்? சித்தப்பா திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நாலு பேரோடு ஓர் அறையில் பதினோரு வருடம் இருந்தார். தான் கட்டிய வீட்டில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் படுத்தார். அவர் சோம்பேறி இல்லை, ஊதாரியும் இல்லை. சொந்த வீட்டையும் பிழைப்பையும் ஒரே ஆலையை நம்பி வைத்தார், அவ்வளவுதான்.

அதனால், எங்கே குடியிருக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்த வேலை நாளைக்குப் போனால், வீட்டை மாற்றாமல் அடுத்த வேலைக்குப் போக முடியுமா? மேடவாக்கத்தில் நீங்கள் கொடுக்கும் அதிக வாடகையில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகர் ஆலையை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் சொன்னது. வேலை போன எல்லோருக்கும் உடனே இன்னொன்று கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேடிப் போக வேண்டிய கம்பெனிகள் பக்கத்திலேயே இருந்தன. உங்களைக் கூப்பிடும் நிறுவனம் சிறியது, கிளை புதியது என்கிறீர்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கிளையை மூடினால் திருநெல்வேலியில் அதே 65,000 தர எத்தனை இடம் இருக்கிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, கங்கைகொண்டானில் அரசின் எல்காட் ஐடி வளாகம் இருக்கிறது. உங்கள் திறமைக்கு அங்கே இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து, குறைந்தது மூன்று பெயராவது எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

வீடு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. இப்போது வாங்காதீர்கள். 45 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 36 லட்சம்தான் கடன் தரும். பத்திரச் செலவு அதில் சேராது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 13 லட்சம், இருப்பதோ 12. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த வீட்டில் அவசரத்துக்கு ஒரு ரூபாய் இல்லாமல் குடிபோவீர்களா? எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 31,240. மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 75 லட்சம். 65,000 சம்பளத்தில் பாதி அங்கேயே போகிறது, அதுவும் ஒரே சம்பளம்.

இதே அளவு வீடு அங்கே 11,000 வாடகைக்குக் கிடைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கு 1,32,000. 45 லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட வரவில்லை. வங்கிக்கு நூற்றுக்கு எட்டரை கட்டி எதற்கு வாங்க வேண்டும்? வாடகை இவ்வளவு மலிவாக இருக்கும் ஊரில் வாடகைக்கு இருப்பதுதான் லாபம். வாடகை கொடுத்தால் பணம் வீண் என்று நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வாங்கிய இரண்டாவது வருடமே விற்றுவிட்டு வர நேர்ந்தால் அந்த நாலு லட்சம் பத்திரச் செலவு திரும்ப வராது. அதை வீண் என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இனி நான் என்ன செய்வேன் என்று கேட்டால், மேடவாக்கத்தை விடுவேன், சென்னையை விட மாட்டேன். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் பாருங்கள். என் அக்கா மகன் கூடுவாஞ்சேரியில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் 14,000க்கு இருக்கிறான். உங்கள் மனைவிக்கு அங்கிருந்து மின்சார ரயிலில் கொஞ்ச நேரம்தான். மகிந்திரா சிட்டிக்குப் பரனூரில் இறங்கினால் போதும். உங்களுக்குத்தான் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாகச் சுற்று. வாரத்தில் மூன்று நாள் அந்த அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இத்தனை வருடமாக மேடவாக்கத்திலிருந்து அவர்தானே தூரம் போய் வருகிறார். இரண்டு பேர் வேலையும் அப்படியே இருக்கும், வாடகையில் பத்தாயிரமாவது மிஞ்சும். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் முதல் கிளம்பும் கிளாம்பாக்கமும் பக்கத்தில்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினால் விடிகாலையில் கோவில்பட்டி.

வீடு பார்க்கும்போது ஏரிக்குக் கீழே இருக்கும் தெருவா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தரகரிடம் கேட்க வேண்டாம், தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். அட்வான்ஸ் பத்து மாதம் என்பார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதை மரியாதையாகச் சொல்லிப் பேசுங்கள். சிலர் இறங்கி வருவார்கள்.

அப்பா விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் உண்மையிலேயே கனமாக இருப்பது அது ஒன்றுதான். அவர் தனியாக இருக்க முடியாத நிலை என்றால் நான் மேலே எழுதிய எதுவும் பொருட்டில்லை, கிளம்புங்கள். ஆனால் அப்பாவுக்காகப் போகிறோம், அதற்காக மாதம் 55,000 இழக்கிறோம் என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள். சம்பளக் கணக்கைப் போட்டு நஷ்டமே இல்லை என்று உங்களையே சமாதானப்படுத்திக்கொண்டு போகாதீர்கள். நாளைக்கு உங்கள் மனைவி வருத்தப்படும்போது, 'கணக்கு சரியாகத்தானே இருந்தது' என்று நீங்கள் கேட்பீர்கள். அப்போது அவருக்குப் பேச இடமே இருக்காது. போவதானாலும் வாடகை வீட்டுக்குப் போங்கள். அவர் வேலையை விடும் முன், வீட்டிலிருந்தே பார்க்க நிறுவனம் அனுமதிக்குமா, ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பாவது கிடைக்குமா என்று கேட்டு வரட்டும். அப்பா நடமாட்டத்தோடு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சமாகும் வாடகை அந்தப் பயணத்துக்குப் போதும்.

பத்து நாள் இருக்கிறது என்கிறீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகத் தாம்பரத்தில் ரயில் ஏறி, ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இறங்கி நாலு தெரு நடந்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு அவரையே எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். திருநெல்வேலிக்குப் போகத்தான் விருப்பம் என்று அவர் எழுதினால், அங்கே அவருக்கு என்ன வேலை தேடலாம் என்று நானும் சேர்ந்து விசாரிக்கிறேன்.

அன்புடன்.