சத்திரத்தில் மறுநாள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தில் ஒரு சபையின் வாலிபர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய், கேரல் பாடி, கேக்கும் போர்வையும் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம். சென்ற முறை ஒரு பெரியவர் போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இனி அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் வருவீங்களா மக்களே?" என்று கேட்டார். அவர் குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதைச் சபையில் பேசியபோது மூப்பர் ஒருவர், "இரட்சிப்பு விசுவாசத்தினால் வருவது, கிரியைகளை (நற்செயல்களை)ப் பெரிதாக்காதே" என்றார். உடன் வேலை செய்யும் நண்பரோ, "உங்கள் சேவையெல்லாம் ஆள் சேர்க்கத்தானே" என்கிறார். ஒரு சாதாரணக் கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைச் சேவையில் எப்படித்தான் வாழ்வது?

– வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பெரியவர் கேட்டதை நீங்கள் மறக்காமல் எழுதியிருப்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது. இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும், கள்ளர் அடித்து வழியோரத்தில் போட்டுப்போன ஒருவனுக்கு, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரிய இனத்தான் ஒருவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டிய இடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். லூக்கா அதற்குப் பிறகும் எழுதுகிறார். சமாரியன் அன்றிரவு சத்திரத்தில் தங்கி அவனைப் பராமரிக்கிறான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். வழியோரத்தில் பொங்கிய இரக்கம் ஒரு பொறுப்பாக மாறுவது அந்த மறுநாளில்தான். பெரியவர் உங்களிடம் கேட்டதும் அந்த மறுநாளைப் பற்றித்தான்.

இதற்கு நான் எப்போதும் திரும்பிப் போகும் உதாரணம் வேலூரில் இருக்கிறது. கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோருக்கு 1914-இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் முதலில் தச்சு உள்ளிட்ட கட்டட வேலையும் பிறகு மருத்துவமும் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி வலித்தது. பயனற்றுப்போனதாக எல்லோரும் கருதிய அந்தக் கையில் உயிருள்ள, வலுவான தசைகள் இருப்பதை அவர் அப்போது உணர்ந்தார். நோய் சில நரம்புகளைத்தான் கெடுக்கிறது, முன்கையின் நல்ல தசைகள் அப்படியே இருக்கின்றன என்பதால், அவற்றின் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை மறுபடி இயங்கவைக்கும் சிகிச்சையை அவரும் உடனிருந்தவர்களும் வேலூரில் வளர்த்தெடுத்தார்கள்.

நம்மில் பலர் இந்த இடத்தில் 'ஸ்தோத்திரம்' சொல்லிக் கதையை முடித்துவிடுவோம். ஆனால் கை சரியான சிலர் திரும்பி வந்து சொன்னது வேறு: விரல் மடங்கியிருந்தபோது கிடைத்த பிச்சை இப்போது கிடைப்பதில்லை, தொழுநோய் வந்தவன் என்பதால் வேலையும் யாரும் தருவதில்லை, தங்க இடமும் இல்லை. பிராண்ட் இதை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர் வீடுகள் கட்டி, ஒரு புதுவாழ்வு மையம் தொடங்கினார்கள். லண்டனில் அவர் கற்ற தச்சுவேலை அங்கே பயன்பட்டது. நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்து பிழைக்கக் கற்றார்கள்.

அங்கும் புதுப் புண்கள் வந்துகொண்டே இருந்தன. தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. நோயாளிகளோடு அன்றாடம் இருந்து ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடியபோது உண்மை தெரிந்தது: சுடு பாத்திரத்தைத் துணியின்றிப் பிடித்ததில் வந்தது ஒன்று, சுத்தியல் பிடியின் சிராய் குத்தியது ஒன்று. உணர்ச்சி இல்லாததால் காயம் தெரியவில்லை, தெரியாததால் அதன்மேலேயே வேலை நடந்தது. இரவில் ஒருவர் விரலின் ஒரு பகுதி காணாமல் போனதற்குக் காரணம் எலி என்று கண்டுபிடித்தார்கள்; அதன்பின் நோயாளிகள் தூங்கும் இடத்தில் பூனை வளர்த்தார்கள். பூனையும், பிடி மாற்றிய சுத்தியலும், காலுக்கேற்ற மெத்தென்ற ரப்பர் செருப்பும் அவர்களுக்கு மிச்சமிருந்த விரல்களைக் காத்தன. ஒருநாள் முகாம் நடத்திவிட்டுப் போயிருந்தால் இதில் எதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது. உடனிருப்பதுதான் சேவையின் பெரும்பகுதி என்று நான் நம்புவதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

உங்கள் மூப்பர் சொல்வதை நான் மறுக்கவில்லை. விசுவாசத்தினால் நீதிமானாவது என்பது நம் சபைகள் நிற்கும் அடித்தளம். இரட்சிப்பைச் சம்பாதிக்கச் சேவை செய்கிறவன் எதிரே இருப்பவரைத் தன் கணக்கில் ஒரு வரியாக்கிவிடுவான் என்பதால், அவர் எச்சரிக்கை தேவையானதும்கூட. ஆனால் உடையும் அன்றாட உணவும் இல்லாதவர்களிடம் 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்பதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. மேரி வர்கீஸை நினைத்துப் பாருங்கள். வேலூரில் மருத்துவராக இருந்த அவருக்கு 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படிக்க அமெரிக்கா சென்று திரும்பி அதற்கென்று ஒரு துறையை உருவாக்கினார். 1966-இல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையமும் வேலூரில் எழுந்தது. விசுவாசமா கிரியையா என்று அவர் வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்க என்னால் முடியவில்லை.

நண்பரின் கேள்விக்குக் கோபப்படாதீர்கள், அது நியாயமான கேள்வி. உதவியைத் தூண்டிலாக்கியவர்கள் எங்கும் இல்லை என்று நம்மால் சத்தியம் செய்ய முடியாது. நோயுற்ற ஒருவரின் பலவீனத்தைப் பயன்படுத்தி அவரிடம் சம்மதம் வாங்குவது பாவம் என்றே நான் கருதுகிறேன். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், அவனும் ஒரு சமாரியன். மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று அவர் கேட்டார், வருந்தியிருப்பார் என்றே எண்ணுகிறேன். ஆனால் அந்த ஒன்பதுபேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நம் சேவைக்கு அதுவே அளவு. எந்த விசுவாசத்தினால் இதைச் செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கேட்காதவருக்கும், கேட்டு மறுத்தவருக்கும் அதே கவனிப்பு தொடர வேண்டும். இதை நண்பரிடம் வாதமாகச் சொல்வதைவிட, அடுத்த முறை அவரையும் உடன் அழைத்துப் போவது நல்லது.

படம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்துக்குமேல் அதற்கு விளக்கம் தேவையில்லை.

நீங்கள் சாதாரணக் கிறிஸ்தவனைப் பற்றிக் கேட்டதால், சாதாரணமான ஒரு வேலையையே சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் சர்க்கரை நோயுள்ளவர்கள் இருப்பார்கள். அவர்களில் பலருக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தொழுநோயாளிகளிடம் பிராண்ட் கற்ற பாடம் பிற்காலத்தில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கவும் பயன்பட்டது. இல்லத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, உங்களில் விருப்பமுள்ள நான்கைந்து பேர் முதலில் ஒரு செவிலியரிடம் பாதப் பராமரிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு முறைவைத்து வாரந்தோறும் போய், அவர்கள் சம்மதத்தோடு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ வெடிப்போ கண்டால் நீங்களே வைத்தியம் செய்யாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ஆணிக்கால் இருந்தால் அதை வெட்ட முயலாதீர்கள். பொருந்தாத செருப்பு போட்டிருப்பவர்களுக்குக் கால் அளவெடுத்து நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள். போர்வைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அதற்கு வைக்கலாம். சங்கத்தின் கிறிஸ்துமஸ் செலவைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்து எழுதி, யார் எந்த வாரம் போவது என்ற பட்டியலோடு அடுத்த கூட்டத்தில் வையுங்கள். மூப்பரையும் ஒரு வாரத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐயா